கோட்டை விட்ட கதை

கோட்டைகளைப் பற்றி அளவுக்கு மிஞ்சிக் கதைத்து, அதனால் பிரான்சிலிருந்து துரத்தப்படப் பார்த்த ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது என் ஊரைக் குறைத்துச் சொன்னால் அது இன்னும் நீளும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிசின் லா ஷப்பேலில் அப்போது தமிழ்க் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மேலால் மெட்ரோ ஓடுகிற பாலத்துக்கு எதிரே ஓர் அறையில் யாழ்ப்பாணத்து ஊர்க்காரர் சிலரோடு ஒதுங்கியிருந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சட்டி கழுவினேன். அகதி விண்ணப்பம் போட்டாயிற்று, விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. அதுவரைக்கும் தற்காலிக அட்டை ஒன்று தந்திருந்தார்கள். "அதைத் துலைச்சியெண்டால் நீ இஞ்சை இல்லை எண்டு அர்த்தம்" என்று அறையிலிருந்த அண்ணை ஒருவர் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் அதை பெனியனுக்குள் செருகிக்கொண்டே வேலை செய்தேன்.

அதே குசினியில் மரக்கறி வெட்டியவன் ஒரு கொலம்பியாக்காரன். கார்த்தஹேனா என்ற துறைமுகப் பட்டினம் அவனுடைய ஊர். என் வயதுதான் இருக்கும். அங்கே தொழிற்சங்கத்தில் நின்று சிக்கலில் மாட்டி ஓடிவந்தவன். அவனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது, அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது. முதலில் நாங்கள் இருவரும் கதைப்பதே இல்லை. என் பிரெஞ்சும் அவன் பிரெஞ்சும் ஒன்றையொன்று சந்திக்கிற அளவுக்கு வளரவில்லை.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, நான் நிலத்தைத் தேய்த்துக் கழுவி நிமிர, அவன் மழைச் சேற்றோடு உள்ளே வந்து நடந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சப்பாத்தைக் கழட்டடா!" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் நின்றான். தன் காலைக் குனிந்து பார்த்தான். "சப்பாத்தோ?" என்றான்.

அவனுடைய ஸ்பானிய மொழியிலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே பெயர். அவன் மேசையில் தட்டி "மேசா" என்றான். "மேசை" என்றேன். நான் அலுமாரியைக் காட்டிச் சொன்னேன், அவன் "அர்மாரியோ" என்றான். கடைசியில் இரண்டு கையையும் விரித்து இந்த இடம் முழுவதற்கும் என்ன பெயர் என்று கேட்டான். "குசினி" என்றேன். அவன் "கொசினா!" என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்தான். தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்து, இரண்டுக்கும் கழன்றுவிட்டது என்று முடிவு செய்து திரும்பிப் போனார்.

"இந்தச் சொல்லெல்லாம் உங்களுக்கு யார் தந்தது?" என்று கேட்டான்.

"போர்த்துக்கேயர். கப்பலில் வந்து எங்கள் ஊரில் கோட்டை கட்டினார்கள்."

அவன் வெங்காயம் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தான். "கோட்டையா? உங்களுக்கா?" என்றான். அந்த 'உங்களுக்கா'தான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது.

அதன்பின் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையிலுள்ள நேரமெல்லாம் கோட்டைப் போர்தான். அவன் பேஸ்ட்ரி மேசையில் மாவைப் பரப்பி விரலால் தன் ஊரைக் கீறுவான். கடல் இது, உள்ளே புகுந்த குடா இது, மதில் இது. தென்னமெரிக்காவில் தோண்டிய தங்கமும் வெள்ளியும் ஸ்பெயினுக்குப் போகிற வழியில் அங்கேதான் தங்கிப் போகுமாம். தங்கம் தங்குகிற இடத்துக்குக் கள்ளன் வராமல் இருப்பானா? ஆங்கிலேயன் ஒருவன் வந்து நகரத்தைப் பிடித்து, வீடுகளைக் கொளுத்தி, மிச்சத்தைக் கொளுத்தாமல் விடப் பணயம் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் ஸ்பெயின் மன்னர்களுக்குப் புத்தி வந்தது. பொறியியலாளர்களை அனுப்பி மதில் கட்டத் தொடங்கினார்கள். கட்டக் கட்டக் கடல் இடித்தது. இருநூறு வருடங்களுக்குக் கிட்டக் கட்டினார்களாம். செலவுக் கணக்கைப் பார்த்த மன்னர் ஒருவர் அரண்மனை யன்னலைத் திறந்து, "இவ்வளவு செலவழித்த மதில் இங்கிருந்தே தெரிய வேண்டுமே!" என்று கடல் பக்கம் பார்த்ததாக அவன் ஊரில் ஒரு கதை இருக்கிறது. அதை அவன் ஒவ்வொரு முறையும் ஒரு புது மன்னரின் தலையில் கட்டுவான்.

கல்லைச் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவனிடம் பகிடி இராது. அவனுடைய அம்மாவின் ஆட்கள் ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள். "எங்களைப் பிடித்து வந்தார்கள். தங்கத்தைப் பூட்டுகிற மதிலை எங்களைக் கொண்டே கட்டுவித்தார்கள்" என்பான். பிறகு மாவை உள்ளங்கையால் துடைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவான்.

நான் விடுவேனா? எங்கள் கோட்டை ஐந்து முனை வைத்த நட்சத்திரம் என்றேன். ஒவ்வொரு முனையிலும் ஒரு கொத்தளம், சுற்றிவர அகழி. போர்த்துக்கேயன் கட்டியதை ஒல்லாந்தன் பிடித்து, உடைத்து, அதைவிடப் பெரிதாகக் கட்டினான். "என்ன கல்?" என்று கேட்டான். கடலுக்குள் விளைகிற முருகைக் கல்லுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. கையால் கடலைக் காட்டி, விரல்களைக் கிளைகிளையாக விரித்துக் காட்டினேன். அவன் சிரிப்பை நிறுத்தினான். அவன் ஊர் மதிலும் அதே கல்தானாம். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் கிளையும் சிப்பியும் தெரியும் என்றான். எங்கள் மதிலிலும் தெரியும் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை பிடிக்கவில்லை.

அது நீடிக்கவில்லை. அவனுடைய ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் பெரிய கோட்டை ஒன்று இருக்கிறதாம். அதற்குள் சுரங்கங்கள். ஒரு முனையில் எவனாவது மெதுவாகக் கால் வைத்தாலும் மற்ற முனையில் நிற்கிற காவலாளிக்குக் கேட்கும்படி கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தோற்க மனமில்லை. "எங்கள் கோட்டையிலிருந்து கடலுக்கே சுரங்கம் போகிறது" என்றேன்.

"பார்த்தாயா?"

"ஊரில் எல்லாருக்கும் தெரியும்" என்றேன். அதில் பொய் இல்லை. ஊரில் எல்லாரும் சொல்வார்கள், ஒருவரும் கண்டதில்லை.

அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது குடாவின் வாய்களைப் பற்றியதுதான். குடாவுக்குள் கப்பல் நுழைய இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று பொக்காகிராண்டே, பெரியவாய். மற்றது பொக்காசிக்கா, சின்னவாய். பெரியவாய் அகலமானது, அதைக் காவல் காப்பது கஷ்டம். அதனால் ஸ்பானியர்கள் கடலுக்கடியிலேயே ஒரு மதில் கட்டி அதை அடைத்துவிட்டார்கள். வெளியே பார்த்தால் வெறும் தண்ணீர். கப்பல் போனால் அடி கிழியும். அதன் பிறகு எல்லாரும் சின்னவாயால்தான் வரவேண்டும், அங்கே இரண்டு பக்கமும் பீரங்கி. "நீயும் உன் பெரியவாயை அடை. சின்னவாயால் கதை" என்று என்னை நக்கலடிப்பான். அந்தப் பகிடியை நான் நேரத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திராது.

அந்தப் பனிக்காலத்திலேயே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

எதிரே ஒரு அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பாண்டிச்சேரிக் குடும்பம். தகப்பன் பிரெஞ்சுப் படையில் இருந்ததால் அவர் பிறந்து வளர்ந்தது வியட்நாமில், சைகோனில். வீட்டிலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்த தமிழ், மெதுவான, மரியாதையான தமிழ். "பயப்படாம சொல்லுங்க தம்பி, நான் அப்படியே சொல்றேன்" என்றார். எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். கடற்கரையில் பந்தடித்துக்கொண்டிருந்தோம். கோட்டையில் முகாம் போட்டிருந்த இராணுவத்தின் ஜீப் வந்தது. சுட்டார்கள், ஓடினோம். என் சேர்ட் வேலிக் கதியாலில் தொங்கியது, அதன் பொக்கற்றுக்குள் என் அடையாள அட்டை. அட்டை அவர்கள் கையில் போயிற்று. படமும் பெயரும் விலாசமும் இருக்கிறதே, வீட்டுக்கு வந்தார்கள். நான் வீட்டில் இல்லை. அதன்பின் வீட்டுக்குப் போகவே இல்லை. என் வழக்கில் இருப்பது இவ்வளவுதான்: அட்டை அவர்களிடம் இருக்கிறது, திரும்பிப் போனால் பிடிப்பார்கள்.

அட்டை எங்கே என்று அதிகாரி கேட்டபோது நான் சொன்ன வாக்கியம் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஓடின ஓட்டத்திலை கோட்டை விட்டிட்டன் ஐயா."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி தலையை நிமிர்த்தினார். "எந்தக் கோட்டைன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர். ஜீப் வந்த கோட்டையைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "யாழ்ப்பாணக் கோட்டை" என்றேன். "அந்தக் கோட்டை உங்களுக்கு நல்லா தெரியுமா? உள்ள எப்படி இருக்கும்?" என்றார்.

என்னிடம் வந்து என் கோட்டையைக் கேட்டால்! எத்தனையோ மத்தியானம் மாவில் கீறிப் பழகிய கோட்டை. வாசல் எந்தப் பக்கம், மதில் எவ்வளவு தடிப்பு, உள்ளே ஒல்லாந்தர் கோயில் எங்கே, மறியல் சிறை எங்கே, கொத்தளத்தின் மேல் நின்றால் என்னென்ன தெரியும், எல்லாம் சொன்னேன். சுரங்கத்தையும் விடவில்லை. அதிகாரி வேகவேகமாக எழுதினார். என் ஊரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறாரே என்று எனக்குப் பெருமை. வெளியே வந்து அறை அண்ணையிடம், "நல்லாக் கதைச்சிட்டன் அண்ணை, கட்டாயம் கிடைக்கும்" என்றேன்.

கிடைத்தது நிராகரிப்பு.

எனக்கென்று அமர்த்திய வழக்கறிஞர் ஒரு பெண். அவர்தான் காரணத்தை விளக்கினார். அடையாள அட்டை வேலியில் தொங்கிய சேர்ட்டில் இருந்தது என்ற விண்ணப்பதாரர், பிறகு அதைக் கோட்டைக்குள் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறார். அது இராணுவ முகாம். அதன் உட்புறம் அவருக்கு நுணுக்கமாகத் தெரிந்திருக்கிறது, இரகசிய வழி உட்பட. எந்தத் தகுதியில் அங்கே இருந்தார் என்பதை அவர் மறைக்கிறார். அவர் சொல்லும் ஆபத்தை நம்ப முடியவில்லை.

"நீ கோட்டைக்குள் ஏன் போனாய்?" என்று வழக்கறிஞர் கேட்டார். "இராணுவத்தோடு வேலை செய்தாயா? என்னிடமாவது உண்மையைச் சொல்."

நான் போகவில்லை, அப்படிச் சொல்லவும் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். "சொன்னதாகத்தான் பதிவு இருக்கிறது" என்றார் அவர். மேன்முறையீடு போட்டார். அதுவும் தோற்றால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு மேல் படி இல்லை.

அந்த மாதங்களில் ஊரிலிருந்து வந்த செய்திகளும் கோட்டையைப் பற்றியவைதான். உள்ளே இராணுவம், வெளியே சுற்றிவர இயக்கங்கள். உள்ளேயிருந்து அடிக்கிற ஷெல் நகரத்து வீடுகளில் விழுந்தது. அம்மாவும் தங்கையும் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். லா ஷப்பேலில் யாராவது ஊருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு வந்தால் ஓடிப்போய்க் கேட்போம். எனக்குக் கோட்டை என்ற சொல்லே கசந்துபோயிற்று. மாவில் கீறுவதை நிறுத்தினேன். கொலம்பியாக்காரன் கூப்பிட்டாலும் போகவில்லை. அவன் அப்போதுதான் தன் ஊரின் கடைசி முற்றுகையைச் சொன்னான். விடுதலை என்று அறிவித்த நகரத்தை ஸ்பானியர்களே திரும்பி வந்து வளைத்தார்கள். சனம் மதிலுக்குள் அகப்பட்டு, எலியும் தோலும் தின்று, தெருத் தெருவாகச் செத்தது. முன்பெல்லாம் கள்ளனை வெளியே நிறுத்திய மதில் அந்த முறை பசியை உள்ளே பூட்டிவைத்தது. அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் கேட்டு அழுதேன். குசினியில் வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

என்னைத் தேற்றுவதற்காகத்தான் ஒருநாள் அவன் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவனின் கதையை எடுத்தான். அவன் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கதையாம். அந்த ஆங்கிலேயன் கடலை மூடுகிற அளவு கப்பல்களோடு வந்தான். எதிரே நகரத்தைக் காத்தவனோ ஒற்றைக் கால், ஒற்றைக் கண், ஒரு கையும் விளங்காது. ஆங்கிலேயன் சின்னவாயில் இருந்த கோட்டைகளைப் பிடித்துக் குடாவுக்குள் நுழைந்துவிட்டான். இனி என்ன, நகரம் விழுந்தது மாதிரித்தான் என்று வெற்றிச் செய்தியோடு ஒரு கப்பலை ஊருக்கு அனுப்பினான். அங்கே கொண்டாட்டம். ஸ்பானியத் தளபதி முழங்காலில் நிற்கிற மாதிரிப் பதக்கமே அடித்துவிட்டார்கள். இங்கே குன்றின் மேலிருந்த கோட்டைக்கு ஏணி சாத்தினால் ஏணி எட்டவில்லை. காவலர்கள் அகழியை இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். சுடுபட்டும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் செத்து, கடைசியில் கப்பலேறித் திரும்பினார்கள்.

பல நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. "கோட்டை விட்டிட்டான் விசரன்!" என்றேன்.

என்ன சொன்னாய் என்று கேட்டான். அப்படியே சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் மாற்றினேன்: "இல் அ லெஸே லெ ஃபோர்." அவன் கோட்டையை விட்டான்.

"இல்லையே" என்றான் அவன். "பிடித்தால்தானே விடுவதற்கு? அவன் அந்தக் கோட்டைக்குள் போகவே இல்லையே."

"ஐயோ, இது வேறு. கோட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கைக்குள் இருந்ததைக் கவனமில்லாமல் நழுவவிட்டால் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். பரீட்சையைக் கோட்டை விட்டான், பஸ்ஸைக் கோட்டை விட்டான், அடையாள அட்டையை…"

கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. நான் கோட்டைக்குள் போகவே இல்லை. என் வாக்கியம் போயிருக்கிறது.

அன்றே ஓடிப்போய் வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார். "மொழிபெயர்ப்பு பிழை என்று தினமும் யாராவது சொல்கிறார்கள். மேன்முறையீட்டு அறையில் இருக்கிறவர்களுக்கு உன் மொழி தெரியாது. உன் ஊர்க்காரர் எழுதித் தருகிற சாட்சியைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள். அவர்கள் நம்புவது அங்கே இருக்கிற மொழிபெயர்ப்பாளரைத்தான். அவர் அப்படி ஒரு சொல்வழக்கு உண்டு என்று சொன்னால் உண்டு. இல்லை என்றால் நீ ஒரு கதை கட்டினாய் என்று ஆகிவிடும்."

மேன்முறையீட்டு நாள் வந்தது. வழக்கறிஞரோடு உள்ளே போனேன். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவர். மேசையின் ஓரத்தில், கைகளைக் கோத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளர். அதே ஆள். சைகோன்காரர்.

அவர் பிழை விட்டார் என்று நான் சொல்ல வேண்டும். அதை அவரே மூன்று பேருக்கும் மொழிபெயர்க்க வேண்டும். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், நான் யார் என்று ஞாபகம் இருந்ததோ தெரியாது. "பயப்படாம சொல்லுங்க தம்பி" என்றார் மறுபடியும்.

வழக்கறிஞர் எழுந்து, முந்திய விசாரணையில் ஒரு வாக்கியம் தவறாக விளங்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் கையை உயர்த்தி, விண்ணப்பதாரரே சொல்லட்டும் என்றார்.

நான் சொன்னேன். "ஐயா, போன முறை நான் அட்டையைக் கோட்டை விட்டிட்டன் எண்டு சொன்னனான். கோட்டைக்குள்ளை விட்டதெண்டு சொல்லேல்லை."

மொழிபெயர்ப்பாளரின் முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் வருவதைப் பார்த்தேன்: நான் யார், எந்த நாள், எந்த வாக்கியம். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கோட்டை விடுறதெண்டால், கவனமில்லாமல் துலைக்கிறது."

"அப்படியா சொல்லுவாங்க? உங்க ஊர்ல மட்டுமா?"

என்ன சொல்வது? எங்கள் ஊரில் மட்டும் என்றால் அவருக்குத் தப்ப வழி இருந்தது. யாழ்ப்பாணத்துச் சொல்வழக்கு, எனக்குத் தெரிய நியாயமில்லை என்று சொல்லிவிடலாம். எனக்கும் அது பாதகமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பொய்க்கு யோசிக்க நேரமில்லை. "இல்லை ஐயா. தமிழ் கதைக்கிற எல்லாரும் சொல்லுவினம். பாண்டிச்சேரியிலும் சொல்லுவினம்" என்றேன்.

அது அவரைச் சுட்டது. தன் தமிழை அவர் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பது அவருடைய பேச்சிலேயே தெரியும். கழுத்து வரை சிவந்தார். தலைவர் பொறுமை இழந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

இப்போது எல்லாம் அவருடைய நாக்கில். "அப்படிச் சொல்வழக்கு இல்லை" என்ற ஒரு பேச்சுப் போதும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான், அதில் ஒருவன் பொய்யன் என்று ஏற்கெனவே எழுதப்பட்டவன். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. அவர் வேகமாகப் பேசினால் என்ன சொன்னார் என்பதுகூட எனக்கு விளங்காது. கடவுளே, அம்மா, என்று என்னென்னவோ மனசுக்குள் ஓடியது.

அவர் எழுந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர்கள் எழுந்து நிற்பதில்லை. பிரெஞ்சில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கும் விளங்கட்டும் என்பதுபோலப் பேசினார். அதில் "செ முவா" என்ற இரண்டு சொற்கள் தெளிவாகக் கேட்டன. நான்தான். அந்த விசாரணையில் இருந்தது நான்தான், இந்தச் சொல்வழக்கு எனக்குத் தெரியாது, இவர் தொலைத்துவிட்டேன் என்றதை நான் கோட்டையில் விட்டேன் என்று மாற்றிவிட்டேன். சொல்லி முடித்து உட்கார்ந்தார். மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

மூன்று பேரும் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். சரி, ஆனால் கோட்டையின் உட்புறம் உனக்கு எப்படித் தெரியும்? அந்த இரகசியச் சுரங்கம்?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். எனக்குள் பெரியவாய் திறந்தது. குசினி, மாவு, கார்த்தஹேனா, முருகைக் கல், காலடி கேட்கிற சுரங்கம், அவன், நான், எல்லாம் அலையாக வந்தது. சின்னவாயால் கதை என்ற பகிடியும் கூடவே வந்தது.

"பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை" என்றேன். "அப்ப ஆரும் போகலாம். சுரங்கம் ஊர்க்கதை, நான் காணேல்லை."

"பின் ஏன் அவ்வளவு விரிவாகச் சொன்னாய்?"

"சந்தோஷத்திலை. இந்த நாட்டிலை அதுவரைக்கும் ஒரு அதிகாரியும் என்ரை ஊர் எப்பிடி இருக்குமெண்டு கேட்டதில்லை."

அவர் அதை மொழிபெயர்க்கும்போது தலைவர் எழுதுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளின் கோப்பைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்.

எனக்கு அந்தஸ்து கிடைத்தது. செய்தி வந்த நாளில் கொலம்பியாக்காரன் மாவில் யாழ்ப்பாணக் கோட்டையை அவனாகவே கீறி வைத்திருந்தான். கொத்தளம் ஐந்தும் சரி, சுரங்கத்தைக் கடல்வரை இழுத்திருந்தான். நான் சுரங்கத்தைத் துடைத்துவிட்டேன். அவன் கோபித்தான்.

பிறகு நான் வேறு சிலருக்குத் துணையாக அந்த மேன்முறையீட்டுக் கட்டடத்துக்குப் போயிருக்கிறேன். சைகோன்காரரை அங்கே காணவில்லை. தமிழுக்கு இப்போது வேறு ஆள் வருகிறார் என்றார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன், அதை நானே நம்பவில்லை.

அடுத்த கோடையில் ரூ லூயி-பிளாங் தெருவில் அவரைக் கண்டேன். ஒரு கடை வாசலில் நின்று முருங்கைக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"தம்பி! பேப்பர் கிடைச்சுதா?"

"ஓம் ஐயா. உங்களாலைதான். நீங்கள் இப்ப அங்கை வாறதில்லையோ?"

"கூப்பிடறதில்ல" என்றார் இலேசாக. பிறகு முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்றார். "வேலைய நான் கோட்டை விட்டுட்டேன். சரியா சொன்னேனா?"

அவருடைய வாயில் அந்தச் சொல் புதுச் சட்டை மாதிரி இருந்தது. போட்டுக் காட்டுகிறார், நான் நல்லாயிருக்கு என்று சொல்லவேண்டும். ஓம் என்று சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டு போயிருப்பார். எனக்கு முடியவில்லை.

"பிழை ஐயா" என்றேன். "கோட்டை விடுறதெண்டால் கவனமில்லாமல் விடுறது. நீங்கள் தெரிஞ்சுதான் விட்டனீங்கள்."

"அப்போ அதுக்கு தமிழ்ல என்ன சொல்றது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருடைய பையை வாங்கிக்கொண்டு மெட்ரோ வரைக்கும் கூடப் போனேன்.